கல்லுக்கட்டு ஹவுஸி

அம்புரோசுக்கும் கடலுக்கும் பகை. ராயபுரம் கடலோரத்தில் அவன் அப்பா கட்டிய வீட்டைக் கடல் தின்றது. கல்யாணமான கையோடு அவன் கட்டிய வீட்டையும் தின்றது. மூன்றாவதாக இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி, மேடு பார்த்து, செங்கல் சுவர் எழுப்பி ஓடு போட்டு ஒரு வீடு கட்டியிருந்தான். ஹார்பரில் வின்ச் ஓட்டிச் சம்பாதித்ததெல்லாம் அந்தச் சுவர்களுக்குள்தான் இருந்தது. இன்னொரு வீடு கட்ட அவனுக்கு உடம்பில் தெம்பும் இல்லை, மனசும் இல்லை. எழுபதுகள் தொடங்கிய அந்தச் சமயத்தில், அவன் வாசலுக்கும் அலைக்கும் நடுவே ஒரு கட்டுமரத்தை இழுத்துப் போடும் அளவுக்குத்தான் மணல் மிச்சமிருந்தது.

அவன் வீடு மேட்டில். அதை விட்டு வடக்கே நடந்தால் தெரு சரிந்து பள்ளமாகிவிடும். அந்தப் பள்ளத்தில் முப்பது வீடுகள். பாதி பேர் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், ஹார்பரிலும் ரயில்வேயிலும் வேலை. மீதி பேர் மீன்பிடிக் குடும்பங்கள். மேட்டைத் தின்று முடித்தால் கடல் அடுத்து எங்கே வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் அசையவில்லை என்பதுதான் அம்புரோசின் வயிற்றெரிச்சல்.

கல்லுக்குப் பஞ்சமில்லை. லாரி வைத்திருந்த காஜா மொய்தீன் ஒரு பழைய கிடங்கை இடித்த இடிபாட்டை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் அலைந்துகொண்டிருந்தார். அம்புரோஸ் போய்க் கேட்டதும், தெருமுனையில் மலையாகக் கொட்டிவிட்டார். "கல்லு நம்புள்து, தூக்கறது உங்க பாடு" என்று கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். முனையிலிருந்து கடலோரத்துக்குக் கூடையில் சுமந்து போய் வரிசையாகக் குவித்தால் போதும், ஒரு கட்டு எழும்பிவிடும். முதல் நாள் பத்துப் பேர் வந்தார்கள். மறுநாள் நாலு பேர். அதற்கப்புறம் ஒருவருக்கு இடுப்பு, ஒருவருக்கு மச்சினி கல்யாணம், ஒருவருக்கு வலை பின்னுகிற வேலை. நல்ல முழுச் செங்கல்கள் மட்டும் யார் கண்ணிலும் படாமல் நடந்து போய் அடுப்புகளுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டன.

அம்புரோஸ் வீடு வீடாகப் போய்க் கத்தினான். கெஞ்சினான். மானங்கெட்டவர்கள் என்றான். அவன் போன பிறகு கதவு சாத்திக்கொண்டு சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தவனிடம் அவன் மனைவி ஹில்டா காப்பியை நீட்டினாள்.

ஹில்டாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்குத் தெருவைத் தாண்டிக் கேட்கும் குரல். மாதா திருநாளில் ஹவுஸி விளையாட்டுக்கு நம்பர் கூப்பிடுவது அவள்தான். பைக்குள் கையை விட்டு நம்பர்க் கட்டையை எடுத்து, "ஜோடி வாத்து, இருவத்தி ரெண்டு!" என்று மைக் இல்லாமல் கூவுவாள். சீட்டில் அந்த நம்பர் இருக்கிறவர்கள் அதன் மேல் கோடு போட்டுக்கொள்வார்கள், முதலில் சீட்டு முழுக்கக் கோடு போட்டவருக்குப் பரிசு. திருநாளுக்கு வருகிற இந்துக் குடும்பங்களும் அந்தச் சீட்டுக்கு முண்டியடிப்பார்கள்.

"திட்டினா யாரும் வரமாட்டாங்க. ஆடக் கூப்ட்டா வருவாங்க" என்றாள்.

"வூடு போவுதுன்னு கத்தறேன், ஒர்த்தன் வரமாட்றான். வெளாட்டுக்கு வருவானுங்களா?"

"திருநாள்ல சோப்பு டப்பா பிரைஸ் வெச்சோம். அதுக்கோசரம் உச்சி வெயில்ல குந்திகினு இருந்தாங்களா இல்லியா? சோப்பு டப்பா இன்னா அவுங்க வூட்ல இல்லாததா? ஜெயிக்கணும், அத்த நாலு பேரு பாக்கணும். அவ்ளோதான் மனுசன்."

"பிரைஸ் வாங்கத் துட்டு?"

"துட்டு இல்லாத பிரைஸ் ஒண்ணு கீது" என்று ஹில்டா ஜன்னல் வழியாகத் தெருக்குழாயைக் காட்டினாள்.

அம்புரோசுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காப்பியைக் குடிக்க மறந்துவிட்டான்.

தெருவுக்கே அந்த ஒரு குழாய்தான். விடியலில் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும். முன்னால் நிற்கிற குடங்கள் நிறையும், பின்னால் நிற்கிற குடங்களுக்குக் காற்று வரும். அந்த வரிசைக்காகக் கூந்தல் பிடித்துச் சண்டை நடந்திருக்கிறது, சம்பந்தம் முறிந்திருக்கிறது. ஹில்டா வைத்த பரிசு இதுதான்: ஜெயிக்கிற வீட்டுக் குடம் ஒரு வாரம் முழுக்க முதல் குடம். வரிசையில் நிற்க வேண்டாம். குடத்தின் கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கும், மகாராணி மாதிரி வந்து பிடித்துக்கொண்டு போகலாம். ஹவுஸி சீட்டுக்குக் காசு கிடையாது. ஒரு கூடை கல் சுமந்து கொட்டினால் ஒரு சீட்டு. ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.

ஒவ்வொரு பெண்ணும் தான்தான் ஜெயிக்கப்போகிறோம் என்று நினைத்ததால் எல்லோரும் உடனே ஒத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் தெருமுனை மலை பாதியாகிவிட்டது. அம்புரோஸ் ஷிப்டு முடிந்து வந்தபோது பார்த்த காட்சியை அவன் கண்ணே நம்பவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டவன் ஓடிக்கொண்டிருந்தான். மச்சினி கல்யாணக்காரன் மச்சினியையும் கூட்டிக்கொண்டு வந்து தலைக்கு ஒரு கூடை ஏற்றியிருந்தான். முதல் ஆட்டத்தில் ஜெயித்தது பள்ளத்து வீட்டுக் கோவிந்தம்மா. மறுநாள் விடியலில் ரிப்பன் கட்டிய குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, நாலெட்டில் போக வேண்டிய வீட்டுக்குத் தெருவையே ஒரு சுற்று சுற்றிப் போனாள். அன்றைக்குச் சுமக்க வந்த கூட்டம் முந்தின வாரத்தைவிட இரண்டு பங்கு.

காஜா மொய்தீன் அடுத்த லோடோடு வந்து வாயைப் பிளந்தார். "கூலி குட்த்தா கூட நம்ம ஆளுங்கோ இப்டி தூக்கமாட்டானுங்கோ. இன்னா மந்திரம் போட்டீங்கோ?"

மந்திரம் இரண்டு மாதம் நன்றாகத்தான் வேலை செய்தது. அப்புறம் அம்புரோஸ் ஒன்றைக் கவனித்தான். கட்டு தெற்கே வளர்ந்துகொண்டே போனது, வடக்கே இளைத்துக்கொண்டே வந்தது. கடலோ அந்த நாட்களில் குளம் போலக் கிடந்தது. சந்தேகம் வந்து ஒரு மத்தியானம் கவிழ்த்துப் போட்ட படகுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தான்.

மீன் விற்கும் செல்லம்மா வந்தாள். தெருமுனைக் குவியலில் பெருங்கற்களே மிஞ்சியிருந்ததால், வடக்குக் கட்டிலிருந்து சின்னக் கற்களாகப் பொறுக்கித் தன் மீன்கூடைக்குள் போட்டாள், மேலே சாக்கைப் போட்டு மூடினாள். பின்சந்து வழியாகப் போய்த் தெருமுனையில் திரும்பி, முன்வழியாக வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து தெற்கே கொட்டி, சீட்டு வாங்கிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அவளுக்குப் பின்னால், காசநோய் வந்து தேறிய சுப்புராயன்கூட, இரைக்க இரைக்க ஒரு சின்னக் கூடை. தெருவே கட்டைப் பிரித்துக் கட்டைக் கட்டிக்கொண்டிருந்தது.

அம்புரோஸ் கொதித்துப்போய் ஹில்டாவிடம் ஓடினான். "திருட்டுக் கும்பல்! இத்தோட நிறுத்து உன் வெளாட்ட!"

ஹில்டா கேட்டுவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"தூரத்துலேர்ந்து சுத்திக்கினு வந்து ஏமாத்தியிருக்காங்க. நேரா தூக்கியிருந்தா வேலை கம்மி. ஏமாத்தறதுக்கே இவ்ளோ ஒழைப்பா!"

"இதுல இன்னா சிரிப்பு உனக்கு?"

"தப்பு அவுங்க மேல இல்லங்க. நான் கூடைக்கு சீட்டு குடுத்தேன், அவுங்க கூடை தூக்கினாங்க. எனக்கு வேண்டியது கூடையா, கட்டா? கட்டுன்னா கட்டுக்கில்ல குடுக்கணும்?"

அம்புரோஸ் கடலோடு மல்லுக்கட்டினவன், மனிதர்களோடு மல்லுக்கட்டினவன். மனிதர்களின் கள்ளத்தனத்தை இப்படி ஒரு கயிறு மாதிரி எடுத்துத் திரிக்க முடியும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. தன் மனைவியைப் பார்க்க அவனுக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹில்டா சீட்டுகளையெல்லாம் அடுப்பில் போட்டாள். ஒரு தகரத்தில் தாரைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு, ஊர்சனம் பின்தொடரக் கடலோரத்துக்குப் போனாள். இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளத்தை வலைக்காரர்கள் ஒரு பாகம் என்பார்கள். பாகத்துக்கு ஒரு நம்பராகத் தெற்கிலிருந்து வடக்கே தொண்ணூறு வரைக்கும் கட்டின் மேல் எழுதச் சொன்னாள். பிறகு ஹவுஸிப் பையைக் குலுக்கினாள். வீட்டுக்கு மூன்று நம்பர். பை கொடுத்ததுதான் வரும், ஒரே வீட்டுக்கு மூன்றும் சேர்ந்தாற்போல் விழாது.

"இனிமே சீட்டு கெடயாது. இந்தக் கட்டுதான் சீட்டு. ஞாயித்துக்கெழம ஒரு நம்பர் எடுப்பேன். எடுத்ததும் அல்லாரும் சேந்து அந்த எடத்துக்குப் போவோம். நான் கட்டுல முதுகு வெச்சி நிப்பேன். என் தோளு ஒசரம் இருந்துச்சின்னா அந்த வூட்டுக்கு முதல் கொடம். இல்லாங்காட்டி, அந்த வூட்டுக் கொடம் அந்த வாரம் கட்சிக் கொடம்."

கட்சிக் குடம் என்றால் வரிசையில் கடைசிக் குடம், காற்றுக் குடம்.

"உன் வூட்டுக்கு இன்னா நம்பர் யக்கா?" என்று செல்லம்மா மடக்கினாள். அவளுக்கு விழுந்திருந்த மூன்றில் ஒன்று நாற்பத்தேழு. அது அம்புரோஸ் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே இருந்த பாகம். அந்தக் கடுப்பு அவளுக்கு.

"எனக்கு நம்பர் கெடயாது. கூப்புட்றவ ஆடக்கூடாது."

அது ஹவுஸியில் மாறாத சட்டம். அம்புரோசுக்குத்தான் பிடிக்கவில்லை. யாருக்கு வீடு முதலில் போகுமோ அவனுக்குக் கட்டில் ஒரு பாகமும் சொந்தமில்லை, அவன் வாசலைக் காக்கிற பொறுப்பு ஒரு மீன்காரியின் கையில். பொருமிக்கொண்டேதான் சுமந்தான்.

பிறகு நடந்ததை அவன் சாகும்வரை வியப்போடுதான் சொல்லிக்கொண்டிருந்தான். எந்த நம்பர் வரும் என்று தெரியாததால் எந்த நம்பரையும் யாரும் சரிய விடவில்லை. அலை வந்து ஒரு பாகத்தைச் சுரண்டினால் அன்று சாயங்காலத்துக்குள் அது நிமிர்ந்துவிடும். சுப்புராயனால் கூடைக்கு மேல் கூடை தூக்க முடியாது. ஆனால் அவன் கல் சரிந்தால் பக்கத்துப் பாகமும் சேர்ந்து சரியும். அதனால் பக்கத்துக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே அவன் பாகத்தையும் ஏற்றிவிட்டார்கள். அடித்துக்கொண்ட இரண்டு குடும்பங்களுக்கு அடுத்தடுத்த நம்பர் விழுந்து, பேசாமலே ஒருவர் கல்லை ஒருவர் முட்டுக்கொடுத்து, பிறகு பேசவும் ஆரம்பித்தார்கள். யாரும் யாருக்கும் உபகாரம் செய்வதாக நினைக்கவில்லை. எல்லோரும் அவரவர் குடத்துக்காகத்தான் செய்தார்கள். ஆனாலும் கட்டு வளர்ந்தது.

தெருவின் பேச்சே மாறிப்போனது. "எழுபத்தொண்ணுகிட்ட நில்லு, வந்துகினே கீறேன்" என்பார்கள். "முப்பதுல கருவாடு காயுது, காக்கா வருது பாரு" என்பார்கள். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த நம்பர் எங்கே என்று ஒவ்வொருவருக்கும் கால் சொல்லும். மழைக்காலம் நெருங்கிய ஒரு சாயங்காலம் அம்புரோஸ் கட்டை முனைக்கு முனை தடவிக்கொண்டே நடந்தான். மார்பளவுக்கு, அடிப்பக்கம் அகன்று, கறுப்பு நம்பர்களோடு நின்றது. சண்டை போட்டுச் செய்ய முடியாததை ஆட்டம் போட்டுச் செய்துவிட்டாளே என்று அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. நின்று, மாதாவுக்கு ஒரு சிலுவை போட்டுக்கொண்டான்.

கார்த்திகை பிறந்ததும் ஹார்பர் கம்பத்தில் புயல் கூண்டு ஏறியது. கப்பல்களை வெளிக்கடலுக்கு அனுப்பிவிட்டு அம்புரோசையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். மறுநாள் காலையில் காற்று ஓடுகளைத் தூக்கிப் போட்டு விளையாடியது. குழாயில் உப்புத் தண்ணீர் வந்து, பிறகு அதுவும் நின்றது. முதல் குடம், கட்சிக் குடம் என்பதற்கெல்லாம் அன்றைக்கு அர்த்தமே இல்லை. அம்புரோஸ் மழையில் நனைந்தபடி ஒற்றையாளாகக் கட்டுக்குப் போனான். யாரும் வரமாட்டார்கள் என்று எண்ணித்தான் போனான்.

திரும்பிப் பார்த்தால் பள்ளத்துத் தெருவே கூடையோடு மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. தலையில் கோணியைக் கவிழ்த்துக்கொண்டு செல்லம்மா முன்னால் வந்தாள். "யக்கா எங்க? நம்பர் கூப்புடச் சொல்லு! எங்க ஒடையுதுன்னு கண்ணே தெரியல!" என்று கத்தினாள்.

ஹில்டா வாசலருகே மேட்டில் கவிழ்ந்து கிடந்த படகின் மேல் ஏறினாள். அங்கிருந்து கட்டு முழுக்கத் தெரியும். முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு கூப்பிட ஆரம்பித்தாள்.

"மூணும் ஒண்ணும், முப்பத்தி ஒண்ணு!"

ஓடினார்கள். வாய்க்கு வாய் நம்பர் தாவியது. எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அலை உடைத்த இடத்தில் அடுத்த அலை வருவதற்குள் கல் விழுந்தது.

"ஆறும் ஆறும், அறுவத்தாறு!"

கூட்டம் அப்படியே திரும்பியது. அம்புரோஸ் கூடையைப் பிடித்தபடி மழைக்குள் நின்றுவிட்டான். ஹார்பரில் பெரிய பெரிய அதிகாரிகள் விசில் ஊதி ஆட்களை விரட்டுவதைப் பார்த்திருக்கிறான். இப்படி ஒரு கட்டுப்பாட்டை அவன் பார்த்ததில்லை. ஒரு பெண் எண்ணைச் சொல்கிறாள், ஒரு தெரு கடலைத் தடுக்கிறது. அவனுக்கு அழுகை வந்தது.

மத்தியானம் கடல் இரண்டு இடத்தில் ஒரே சமயத்தில் வாயைத் திறந்தது. வடக்கே எழுபத்தொன்று, இங்கே அவன் வாசலுக்கு எதிரே நாற்பத்தேழு. எழுபத்தொன்று போனால் தண்ணீர் நேரே பள்ளத்துக்குள் இறங்கும். கோவிந்தம்மாவின் மகள் நீலா பிள்ளை பெற்று ஒரு வாரம் ஆகவில்லை, எழ முடியாமல் அங்கேதான் படுத்திருந்தாள். நாற்பத்தேழு போனால் போவது மேட்டில் இருக்கிற ஒரே ஒரு வீடு. இது அம்புரோசுக்கும் அந்தக் கணத்திலேயே தெரியும். தெரிந்தும் அவன் வாய் தன் வீட்டுக்காகத்தான் கத்தியது.

"நாப்பத்தேழு! செல்லம்மா, உன் நாப்பத்தேழு போவுது!"

செல்லம்மா சட்டென்று திரும்பினாள். அது அவள் பாகம். கல்லோடு இரண்டடி ஓடியும் வந்தாள். அப்புறம் நின்று, படகின் மேல் இருந்த ஹில்டாவை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குப் பின்னால் எல்லோரும் நின்று நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஹில்டா தன் வீட்டைப் பார்த்தாள். மூச்சை இழுத்தாள்.

"ஏழும் ஒண்ணும், எழுபத்தொண்ணு! அல்லாரும்! எழுபத்தொண்ணு!"

செல்லம்மா போய்விட்டாள். கூட்டமே வடக்கே போய்விட்டது. அம்புரோஸ் தனியாகக் கல்லைத் தூக்கித் தூக்கிப் போட்டான். அலை அவனையும் கல்லையும் சேர்த்து உருட்டியது. அவன் எழுந்து பார்த்தபோது முன்சுவர் மடங்கி விழுந்தது, ஓடு சரிந்தது, கட்டில் மிதந்து வெளியே வந்தது. மூன்றாவது வீடும் போயிற்று. ஹில்டா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. குரல் கிழிந்து போய் எழுபத்தொன்றையே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அம்புரோஸ் கொஞ்ச நேரம் முழங்காலளவுத் தண்ணீரில் நின்றான். வாய்க்கு வந்த வசவெல்லாம் வந்தது, யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. பிறகு குனிந்தான். விழுந்து கிடந்த தன் வீட்டுச் செங்கல்களைக் கூடையில் அள்ளி, தலையில் ஏற்றிக்கொண்டு வடக்கே நடந்தான். அவன் கொட்டிய கல்லின் மேல் கோவிந்தம்மா கொட்டினாள். மறுபடி வந்து அள்ளினான்.

பொழுது சாய்வதற்கு முன்னால் காற்று திரும்பியது. எழுபத்தொன்று நின்றது. பள்ளத்தில் ஒரு வீட்டுக்குள்ளும் கடல் நுழையவில்லை. நீலாவின் குழந்தை பசிக்கு அழுகிற சத்தம் மேடு வரைக்கும் கேட்டது.

ஹில்டா படகிலிருந்து இறங்கி, வீடு இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். அம்புரோஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். இருவர் உடம்பிலும் சேறு.

"ஒரு தபா கூப்ட்டிருக்கலாமே ஹில்டா. ஒரே ஒரு தபா. செல்லம்மா நின்னுக்கினு உன்னியேதான பாத்தா."

ஹில்டாவுக்குக் குரலே இல்லை, காற்றுதான் வந்தது.

"கூப்ட்டிருந்தா வந்திருப்பாங்க" என்றாள். "நீலாவ வுட்டுட்டு, அவுங்கவுங்க வூட்ட வுட்டுட்டு, அத்தினி பேரும் ஓடியாந்திருப்பாங்க. அதான் கூப்புடல."